உபுண்டுல ஒரு ஃபோல்டர மூணு லாகினுக்கு மட்டும் திறந்து விடுறது எப்படி?

மஞ்சக்குப்பம் டிடிபி கடைல ஒரே சிஸ்டம், பசங்க மூணு பேருக்கும் தனித்தனி லாகின், கல்யாணப் பத்திரிகை ஃபோல்டர மட்டும் மூணு பேரும் எடிட் பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. அதுக்காக உங்க பாஸ்வேர்ட குடுத்துத் தொலைக்காதீங்க சார், ஒரு குரூப் போட்டா வேலை முடிஞ்சுது.

டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கற விண்டோல, சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டுன்னு அர்த்தம்) குரூப்ஆட், பக்கத்துல குரூப் பேரு, அவ்ளோதான். அடுத்து ஆள சேக்கறது, இங்கதான் உஷாரா இருக்கணும்: சூடோ யூசர்மாட், அப்புறம் மைனஸ் போட்டு சின்ன ஏ, ஒட்டினாப்ல பெரிய ஜி, குரூப் பேரு, கடைசில யூசர் பேரு. அந்த சின்ன ஏ-வ விட்டுட்டீங்கன்னா அந்த ஆளு ஏற்கெனவே இருந்த மத்த கூடுதல் குரூப்ல இருந்தெல்லாம் தூக்கிடும், அது உங்க லாகினாவே இருந்து அட்மின் உரிமை குடுக்கற சூடோ குரூப்பும் போச்சுன்னா அப்புறம் ரெகவரி மோடுல போய் உக்காரணும், கடைல கஸ்டமர் நிக்கும்போது இது தேவையா?

ஃபோல்டர ஹோம்குள்ள வைக்காதீங்க, உபுண்டு 21.04 வெர்ஷன்ல இருந்து புதுசா போடற சிஸ்டத்துல ஹோம் மத்தவங்களுக்குப் பூட்டித்தான் வருது. வெளில வச்சு சிஹெச்ஜிஆர்பி கமாண்டுல ஃபோல்டரோட குரூப்ப மாத்திட்டு, யாருக்கு என்ன அனுமதின்னு சொல்ற சிஹெச்மாட் கமாண்டுல ஃபோல்டருக்கு 2770 குடுங்க. முன்னாடி நிக்கற 2 எதுக்குன்னா, உள்ள யாரு புதுசா ஃபைல் உருவாக்கினாலும் அது அதே குரூப்புக்குப் போகும்.

மூணு பேரும் லாகவுட் பண்ணி திரும்ப வந்தாதான் புது குரூப் தெரியும், டெர்மினல்ல ஐடி-னு கமாண்ட் அடிச்சு பாத்துக்கோங்க.