மின்சாரக் காருக்கு வரிச்சலுகை நியாயமா, மலையகத்தில் அது ஓடுமா?

கேள்வி இதுதான்: மின்சார வாகனங்களுக்கு அரசாங்கம் சலுகை கொடுப்பது நியாயமா, இலங்கையின் மலையகம் மாதிரி ஏற்ற இறக்கமான இடத்தில் அந்தக் காரை வைத்துக்கொண்டு அன்றாடம் சமாளிக்க முடியுமா?

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் சலுகையைப் பற்றிப் பேசினால் அது வெறும் மேடைப்பேச்சு.

நான் கொட்டகலைப் பக்கம் ஆசிரியர். என்னிடம் ஒரு பழைய பெற்றோல் ஆல்டோ இருக்கிறது. மனைவியின் தம்பி, அதாவது மச்சான், 2014 மாடல் நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை ஹயருக்கு ஓட்டுகிறார். இரண்டும் ஒரே முற்றத்தில்தான் நிற்கின்றன. அதனால் இரண்டின் செலவும் வீட்டில் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

"அந்தக் கார் மலை ஏறாது" என்று டவுனில் பலர் சொல்வார்கள். ஏறும். ஆல்டோவை முதல் கியரில் போட்டு உறுமவிட்டு ஏற்றும் இடத்தில் லீஃப் சத்தமே இல்லாமல் போகும். மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவிசை கிடைக்கும், கிளட்ச் இல்லை, கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி எடுப்பதில் தொல்லையும் இல்லை. பிரச்சினை ஏறுவதில் இல்லை, ஏறுவதற்குச் செலவாகும் கரண்டில் இருக்கிறது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,700 கிலோ என்று வையுங்கள். கித்துல்கல தாண்டி ஏற்றம் தொடங்கினால் ஹட்டன் வருவதற்குள் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர்ந்திருப்போம். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் ஐந்தரை யூனிட் (ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணிநேரம்) வேண்டும். தூரத்துக்குச் செலவாவது தனி. அந்தக் கால லீஃபின் பேட்டரி புதிதாக இருந்தபோதே 24 கிலோவாட் மணிநேரம்தான், அதிலும் முழுவதையும் எடுக்க முடியாது. பத்து வருடம் ஓடிய வண்டியில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் கையில் மிஞ்சுவது பதினான்கு யூனிட் சொச்சம். ஆகவே கொழும்பில் ஃபுல் சார்ஜ் போட்டு ஒரே மூச்சில் ஹட்டன் வருவது நடக்காத காரியம். அவிசாவளையிலோ அதற்கு மேலேயோ ஒருதடவை சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இறங்கும்போது கதையே வேறு. பிரேக் மிதிக்காமலே மோட்டார் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அந்த விசை கரண்டாகிப் பேட்டரிக்குத் திரும்பும். ஹட்டனில் புறப்படும்போது இன்னும் ஓடலாம் என்று காட்டிய கிலோமீட்டரை விட கினிகத்தேனையில் அதிகமாகக் காட்டுவதைப் பார்த்துப் புதிதாக ஏறுகிறவர்கள் மீட்டர் பழுது என்று நினைப்பார்கள். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வேண்டும். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ நூறு வீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் கரண்டுக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் பிடிக்காது, சாதாரண பிரேக்கை நம்பித்தான் வளைவுகளில் இறங்க வேண்டும். மச்சான் மேலே இருந்து கிளம்பும் நாட்களில் எண்பதுக்கு மேல் ஏற்றவே மாட்டார். கராஜ் பாஸ் போன தடவை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக் பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்று கையில் எடுத்துக் காட்டினார். என் ஆல்டோவுக்கு அந்தக் கால இடைவெளியில் பேட் மாற்றியாயிற்று, கிளட்ச் பிளேட்டும் போய்விட்டது.

குளிரைப் பற்றியும் கேட்பார்கள். லீஃப் பேட்டரிக்குத் தனியாகக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது, அதனால் வெயில் ஊரில் வேகமாகத் தேயும். நம் பக்கத்துக் காலநிலை அதற்கு நல்லது. ஆனால் இரவு மூடுபனியில் கண்ணாடி மங்கினால் ஹீட்டர் போட வேண்டும், பழைய மாடலில் அது கரண்டைக் குடித்துத் தீர்த்துவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஜாக்கெட்டோடு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, சார்ஜ். இங்கேதான் சலுகை பற்றிய என் கோபம் ஆரம்பிக்கிறது.

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை. 30, 60, 90, 120, 180 யூனிட் என்று படிகள். 180ஐத் தாண்டினால் உச்ச விலை. 2023 பெப்ரவரி கட்டண உயர்வில் அந்தக் கடைசிப் படி யூனிட்டுக்கு 75 ரூபாய் வரை போனது. குறைவாகப் பாவிக்கும் ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் இந்த முறை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாதம் எழுபது யூனிட் பாவிக்கும் வீட்டில் ஒரு சின்ன மின்சாரக் கார் வந்து நின்றால் என்ன ஆகும்? காருக்கு நூறு யூனிட்டுக்கு மேல் வேண்டும். நேற்றுவரை கீழ்ப் படியில் இருந்த குடும்பம் ஒரே மாதத்தில் உச்சப் படியை நெருங்கிவிடும். காரின் கரண்டுக்கு மேல் படிகளின் விலையும், அதோடு கூடுதல் நிலையான கட்டணமும் கட்ட வேண்டும். இறக்குமதியில் ஒரு கையால் சலுகை கொடுத்துவிட்டு மாதாமாதம் கரண்ட் பில்லில் மறுகையால் பிடுங்குவது என்ன கொள்கை? நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. இரவு பத்தரையில் இருந்து காலை ஐந்தரை வரை விலை குறைவு. ஆனால் சாதாரண வீட்டுக்காரருக்கு அது தானாகக் கிடைக்காது, விண்ணப்பித்து மீட்டர் மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பெற்றோலை விட லாபம்தான். பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி இருந்தபோது ஆல்டோ இந்த மலையில் கிலோமீட்டருக்கு இருபத்து மூன்று ரூபாய் தின்றது. லீஃப் உச்சப் படிக் கரண்டில் ஓடினாலும் அதில் பாதிச் சொச்சம்தான். புகைப் பரிசோதனையும் இல்லை, ஒயில் மாற்றமும் இல்லை.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவருக்கு இது எதுவும் பொருந்தாது. கார் நிற்பது கோயிலடியில், வீடு இருப்பது படி இறங்கி மூன்றாவது லயத்தில். வயர் இழுக்க முடியாது. இழுத்தாலும் அந்தப் பழைய வயரிங் தாங்காது. காரின் சின்னச் சார்ஜர் கூட மணிக்கணக்கில் பதினைந்து அம்பியர் வரை இழுக்கும். தெரிந்த பையன் ஒருவன் தேநீர் கேத்தல் போடும் பிளக்கில் இரவு முழுக்க மாட்டிவைத்தான். காலையில் பார்த்தால் பிளக்கின் வெள்ளை முகம் காவி நிறமாகி, ஒரு ஓரம் உருகி, சுவரோடு ஒட்டிக்கிடந்தது. வீடு எரியாமல் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம். இத்தனைக்கும் காசல்ரி, மவுசாக்கலை, லக்ஷபான, மேல் கொத்மலை என்று நாட்டுக்கு நீர்மின்சாரம் போவது இந்த மலையில் இருந்துதான்.

இப்போது சலுகைக்கு வருகிறேன். இலங்கையில் இது எப்போதும் இறக்குமதி வரியிலேயே நடக்கிறது. 2015ஐ ஒட்டி வரி குறைவாக இருந்தபோதுதான் பழைய லீஃப்கள் ஏராளமாக வந்து இறங்கின. பிறகு வரி ஏறியது, வரத்து சுருங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இப்போது மின்சாரக் காருக்கு எக்சைஸ் வரி மோட்டாரின் கிலோவாட்டை வைத்துப் போடப்படுகிறது. அதனால் மோட்டார் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் தகராறு வந்து, 2025இல் ஒரு சீனக் கம்பனியின் கார்கள் துறைமுகத்திலேயே முடங்கி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. சொகுசு வரியிலும் மின்சாரத்துக்கு ஒரு தளர்வு இருக்கிறது: பெற்றோல் கார் 50 லட்சம் ரூபாய்ப் பெறுமதியைத் தாண்டினால் விழுகிற வரி, மின்சாரக் காருக்கு 60 லட்சத்தைத் தாண்டினால்தான் விழும். இதனால் யார் பிழைக்கிறார்கள் என்று நீங்களே யோசியுங்கள். துறைமுகத்து விலையே அரைக்கோடிக்கு மேல் போகிற கார் வாங்குகிறவருக்கு இன்னும் பத்து லட்சம் இடைவெளி. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபாய் ஆகும் என்ற அறிவிப்பு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வருவதற்கு எத்தனை வருடப் பேச்சுவார்த்தை, எத்தனை ஊர்வலம்!

2022இல் டொலர் வறண்டபோது வந்த திட்டம் இன்னும் விசேஷம். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணத்தில் பாதிப் பெறுமதிக்கு மின்சார வாகனம் கொண்டுவரலாம் என்றார்கள். எங்கள் தோட்டங்களில் இருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன அக்காமார் எத்தனை பேர்! அவர்கள் அனுப்பும் காசு பிள்ளையின் படிப்புக்கும், கூரைத் தகரத்துக்கும், அடகு மீட்கவும் போய்விடும். இறக்குமதி பெர்மிட் அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று பேச்சு, கார் ஓட்டியது வேறு ஆட்கள்.

அதற்காகச் சலுகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "வெளிநாட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், நமக்கு எதற்கு" என்று ஒரு வாதம் சுற்றுகிறது. அமெரிக்கா புதுக் காருக்குக் கொடுத்த 7,500 டொலர் வரிக்கழிவை 2025 செப்டெம்பர் 30உடன் நிறுத்தியது உண்மை. நோர்வே வருடக்கணக்கில் சலுகையைத் தொடர்ந்தது, 2025இல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மின்சாரம் என்பதும் உண்மை. அதுவும் மலைநாடு, ஆற்று மின்சாரம். ஆனால் அவர்களுக்கு எண்ணெய்க் காசு இருக்கிறது, நமக்குக் கடன் இருக்கிறது. பெற்றோலுக்கு டொலர் மிச்சம் என்று சொல்லிப் புதுக் காருக்கு டொலரை அள்ளிக்கொடுத்தால், அந்தக் காசைப் பெற்றோலில் மீட்க எத்தனை வருடம் ஓட்ட வேண்டும்?

என் கையில் விட்டால் காசை மூன்று இடத்தில் போடுவேன். முதலாவது, ஏற்கெனவே நாட்டில் இருக்கும் கார்களுக்கான பேட்டரி. மோட்டார் நன்றாக இருக்கிறது, வண்டிக் கூடு நன்றாக இருக்கிறது, பேட்டரி தேய்ந்ததால் மட்டும் ஒதுங்கி நிற்கும் லீஃப்கள் இருக்கின்றன. பேட்டரிக்கு வரியைக் குறைத்தால் ஒரு காரும் புதிதாக இறக்காமலே அவை ரோட்டுக்கு வரும். இரண்டாவது த்ரீவீலர். மலையகத்தில் ஆஸ்பத்திரிக்கும், பாடசாலைக்கும், சந்தைக்கும் ஆளை ஏற்றுவது கார் இல்லை, ஆட்டோதான். பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டம் ஒன்றை ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தோடு சேர்ந்து ஏற்கெனவே தொடங்கியிருக்கிறார்கள். அதை இந்த ஏற்றங்களுக்குத் தோதான மோட்டாரோடு இங்கே விரிவாக்கலாம். மூன்றாவது, பகலில் மலிவாகச் சார்ஜ் போட பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில் பொது இடம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கரண்ட் மிஞ்சிப் போய், கூரையில் சோலார் வைத்திருந்தவர்களைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். மிஞ்சுகிற கரண்டை நிறுத்துவதை விட, அந்த நேரத்தில் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஆட்டோக்காரருக்குப் பாதி விலையில் கொடுத்தால் யாருக்கு நட்டம்?

"கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்" என்று கேட்பவர்கள் 2022ஐ மறந்துவிட்டார்கள் போல. அந்த மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. அப்போதுகூட மச்சான் கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் போட்டு ஓடினார். நான் பெற்றோல் ஷெட் வரிசையில் காரிலேயே தூங்கினேன். பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தது, வாரத்துக்கு இருபது லீற்றர் என்று கோட்டா வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இனி நீங்கள் வாங்குவதாக இருந்தால். வீட்டுக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடமும், சார்ஜருக்கென்று தனி வயரும் பிரேக்கரும் போட வசதியும் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். இருந்தால், பழைய லீஃபில் முதலில் டாஷ்போர்டின் வலது ஓரத்தில் பேட்டரி எவ்வளவு தேய்ந்தது என்று காட்டும் சின்னக் கட்டங்களை எண்ணுங்கள். புதிதில் பன்னிரண்டு இருக்கும், முதல் கட்டம் போவதற்குள்ளேயே பதினைந்து வீதம் தேய்ந்திருக்கும். எட்டுக்குக் கீழே என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். விற்பவர் கொழும்பில் சமதரையில் ஓட்டிக் காட்டினால் போதாது, கித்துல்கலவில் இருந்து கினிகத்தேனை வரை ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். ஃபாஸ்ட் சார்ஜர் முனையையும் பாருங்கள்: லீஃபுக்கு சாடெமோ என்ற வகை, புதுச் சீனக் கார்களுக்கு வேறு வகை. உங்கள் வழியில் இருக்கும் சார்ஜரில் எது பொருந்துகிறது என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.