பர்கண்டியின் பாஸ்-தூ-கிரேன் ஒயின்: கேள்வி பதில்

கேள்வி (முத்தியால்பேட்டை): பாரிஸிலிருந்து மாமா கொண்டுவந்த பாட்டிலில் 'பூர்கோஞ் பாஸ்-தூ-கிரேன்' என்று போட்டிருக்கிறது. இது என்ன ஒயின்?

பதில்: மாமா நல்லதாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறார். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியைத்தான் பிரெஞ்சில் பூர்கோஞ் என்பார்கள். அந்தப் பகுதியின் பேர்போன ரெட் ஒயின்கள் பினோ நுவார் என்ற ஒரே திராட்சையில் செய்பவை. இதில் பினோவோடு கமே திராட்சையும் சேரும். பினோ குறைந்தது 30 சதவீதம், கமே குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 1937-லேயே இந்த ஒயினுக்குத் தனி அங்கீகாரம் கிடைத்துவிட்டது. கமே சாதாரணப் பயிர் இல்லை. 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி ஆணை போட்டார். அதையும் தாண்டி நின்ற திராட்சை இது. பழ வாசனையும் துள்ளும் புளிப்பும் கமே தருவது. மண் வாசனையும் கட்டுக்கோப்பும் பினோ தருவது. குளிர்ப் பகுதி என்பதால் பழத்தில் சர்க்கரை அளவோடுதான் ஏறும், புளிப்பு கரையாமல் நிற்கும். சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுவது, அதனால் ஆல்கஹாலும் மிதமாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இந்த வகைதான் தோது.

கேள்வி (வில்லியனூர்): ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: இதை வைக்கத்தான் வேண்டும். ரெட் ஒயினை 'அறை வெப்பநிலை'யில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய குளிர் வீடுகளுக்குச் சொன்னது. நம் அறை 32 டிகிரி. ஃபிரிட்ஜில் வைத்து, 14 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். ஒரு மதியம் போதும், ஒயின் வெந்துவிடும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): தினமும் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதாமே?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. உடம்புக்காக யாரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி (லாஸ்பேட்டை): மீன் குழம்போடு குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். புளிக்கு முன்னால் ஒயின் தண்ணீராகிவிடும். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் கிளறிவிடும்.

கேள்வி (அதே லாஸ்பேட்டை நண்பர்): எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் ரெட் ஒயினும்தான் அவருக்கு. அவர் நாக்கு பொய்யா?

பதில்: தாத்தாவின் நாக்கைக் குறை சொல்ல மாட்டேன். பழகிய ருசிக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் குழம்பில் என்ன மீன் என்று பாருங்கள். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன் என்றால், ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவுச்சியை ஏற்றிவிடும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): நான் லாஸ்பேட்டைக்காரர் பக்கம். வஞ்சிரமும் ஆகாதா?

பதில்: வஞ்சிர வறுவல் தாராளமாக ஆகும். மிளகு தூக்கலாக, மிளகாய்த்தூள் குறைத்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். நான் மறுப்பது புளிக் குழம்பை மட்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய இறாலும் சேரும். ஆனால் இந்த ஒயினுக்கென்றே செய்தது மாதிரி இருப்பது வடகம் தாளித்த கோழி. வடகத்தில் வதங்கிய வெங்காயம், பூண்டு வாசனையும் பினோவின் மண் வாசனையும் ஒன்றையொன்று தேடிப் போகும். லாஸ்பேட்டை நண்பரே, தாத்தா வீட்டு வடகம் இருந்தால் அதில் செய்து பாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

கேள்வி (பாகூர்): ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி போகாதா?

பதில்: வில்லியனூர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): புதுச்சேரியில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு.

கேள்வி (முதலியார்பேட்டை): பத்து வருடம் வைத்துக் குடித்தால் ருசி கூடுமா? டிக்கியில் இல்லை, பீரோவில்தான்.

பதில்: பீரோவும் சூடுதான்! இந்த ஒயின் இளசாகக் குடிப்பதற்கே செய்தது. வாங்கிய வருடமே திறந்துவிடுங்கள். மிச்சமிருந்தால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடியுங்கள்.