காசு எந்தக் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்களா?

கேள்வி: சில மாதங்களாகக் காசு வித்தை பழகுகிறேன். காசை உள்ளங்கையில் மறைத்து, இன்னொரு கைக்கு மாற்றியதுபோல் காட்டுகிறேன். "அது அந்தக் கையிலேயேதான் இருக்கு" என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடுகிறார்கள். என் கை சிறியது. காந்தக் காசு செட் வாங்கினால் பயிற்சியே வேண்டாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கையின் அளவும் உங்கள் பிரச்சினை இல்லை.

உங்களைக் காட்டிக்கொடுப்பது காசு அல்ல, கை. பெருவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவில் காசை லேசாகக் கவ்வினால் போதும். விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்குகிறோம். பெருவிரல் விறைத்து நிற்கிறது, பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அதனால் முதலில் வித்தையை மறந்துவிட்டு, நிஜமாகவே காசை வலது கையிலிருந்து இடது கைக்குப் போடுங்கள். திரும்பத் திரும்பப் போடுங்கள். போட்ட பிறகு வலது கை தளர்ந்து இறங்கும், கண் இடது கையோடு போகும். பொய்யாகப் போடும்போதும் அதே வேகம், அதே தளர்வு, அதே பார்வை வேண்டும். உங்கள் கண் ஒரு கணம் வலது கைக்குத் திரும்பினால் எதிரில் இருப்பவர் கண்ணும் கூடவே வந்துவிடும்.

அப்புறம், இடது கையை உடனே திறக்காதீர்கள். காசு அங்கே போய்விட்டது என்று அவர் நம்பச் சிறிது நேரம் வேண்டும். வலது கைக்கும் ஒரு வேலை கொடுங்கள்: சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இடது முஷ்டியைத் தட்டிவிட்டு, பேனாவைத் திரும்ப வைக்கும்போது காசையும் பைக்குள் விட்டுவிடலாம். பிறகு இரண்டு கையும் காலி.

சிறிய கைக்கு இன்னொரு பிடி சுலபம். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் அடியில் காசை இருத்துங்கள். சும்மா தொங்கும் கையில் அந்த விரல்கள் எப்படியும் சற்று மடங்கித்தான் இருக்கும். இதை முதலில் சொல்லித்தராமல், உள்ளங்கைப் பிடியையே முதல் பாடமாக வைப்பவர்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. அதில் திணறி, தனக்குக் கை வராது என்று விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்!

இப்போது அந்த விற்பனையாளர். அவர் காட்டும் வீடியோ ஒரே கோணத்தில் எடுத்தது. பக்கவாட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன தெரியும் என்று அது காட்டாது. காசைக் கொடுங்கள், பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் காந்தக் காசை எப்படிக் கொடுப்பீர்கள்? பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரகசியம் தெரிந்துவிட்டதே, தர முடியாது என்பார்கள். என்ன ரகசியம்? ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் 1584-லேயே லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில், காசைக் கைக்குள் மறைத்து மாற்றிக் காட்டும் முறையை விளக்கிவிட்டார். நாலு நூற்றாண்டுக்கு மேல் அச்சில் இருக்கும் விஷயத்துக்குப் பூட்டுப் போட்டு விற்கிறார்கள், தட்டிக்கேட்க ஆளில்லை.

கருவிக் காசுகளில் நான் ஒத்துக்கொள்வது ஷெல் காசு ஒன்றைத்தான். ஒரு காசின் உட்புறத்தைக் கடைந்தெடுத்து, இன்னொரு காசின் மேல் மூடிபோலக் கச்சிதமாக உட்காரும்படி செய்திருப்பார்கள். இரண்டாகக் காட்டி, ஒன்றின் மேல் ஒன்றைச் சறுக்கினால் ஒன்றாகிவிடும். ஆனால் ஷெல்லின் பின்பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது. காசைப் பார்க்கக் கொடுக்கும் முன் ஷெல்லைத் தனியாகக் கழற்றி, அதே விரலடிப் பிடியில் மறைக்கவும் வேண்டும். கைப்பழக்கத்தை அது கேட்கிறது, அதனால்தான் ஒத்துக்கொள்கிறேன். கீழே போட்டால் விளிம்பு நெளிந்துவிடும், அப்புறம் உள்ளே காசு உட்காராது. புழக்கத்தில் உள்ள காசைக் கடைவது சில நாடுகளில் குற்றம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும், வெறும் காசு கைக்கு வந்த பிறகுதான் இது.

கண்ணாடி முன் பழகினால் ஒரு கெடுதல் உண்டு: காசை மறைக்கும் அந்தக் கணத்தில் நம்மை அறியாமலே கண்ணை மூடிவிடுவோம், தவறு நமக்கே தெரியாது. போனில் படம் பிடியுங்கள். நேராக ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. ஒலியை அணைத்துவிட்டு, காசு இருக்கும் கையை மட்டும் பாருங்கள்.