கேள்வி பதில்: பெரிய கிளி, முதல் கூண்டு

எட்டு மாத நீல-மஞ்சள் பஞ்சவர்ணக்கிளி அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறது. எங்களுக்கு இதுதான் முதல் கிளி. தெரிந்த வெல்டர், கோழிக்கூண்டுக்குப் போடும் ஜி.ஐ. வலையிலேயே அடித்துத் தருகிறேன் என்கிறார். போதுமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

போதாது. ஜி.ஐ. கம்பியின் மேலுள்ள பூச்சு துத்தநாகம். கோழி கம்பியைக் கடிக்காது. பஞ்சவர்ணக்கிளியோ அலகால் கவ்வித்தான் ஏறும், இறங்கும்; சும்மா இருக்கும் நேரமெல்லாம் கம்பியைக் கடிக்கும். உதிர்ந்த பூச்சு வயிற்றுக்குள் சேர்ந்தால் வாந்தி, தண்ணீராக எச்சம், தள்ளாட்டம் என்று நஞ்சேறும்.

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் அடிக்கச் சொல்லுங்கள். செலவு கூடும்தான், ஆனால் இது ஐம்பது வருடம்கூட வாழக்கூடிய பறவை. அகலம் 4 அடி, ஆழம் 3 அடி, உயரம் 5 அடி என்பது குறைந்தபட்ச அளவு. கம்பி இடைவெளி 1 முதல் 1½ அங்குலம். சாதாரணக் கொக்கியைச் சீக்கிரமே திறக்கப் பழகிவிடும், பூட்டு போடுங்கள்.

உட்காரும் கட்டைக்கு பி.வி.சி. குழாய் வேண்டாம். ஒரே தடிமனில் வழவழப்பாக இருப்பதால் பாதத்தில் புண் வரும். மருந்து அடிக்காத கொய்யாக் கிளையை, பட்டையோடு, 1½ முதல் 2 அங்குலத் தடிமனில் வெட்டி, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். கடித்துத் துப்பித் தீர்ந்ததும் மாற்றுங்கள். கடிப்பது அதன் வேலை, அதைத் தடுக்கக் கூடாது.

கூண்டு, ஆட்கள் புழங்கும் கூடத்தில், ஒரு பக்கம் சுவரோடு இருக்கட்டும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லின் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் அதன் நுரையீரலுக்கு ஆகாது.

ஒரு வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. சூரியகாந்தி விதை மட்டுமே தின்று பழகியிருக்கிறது. கேரட், கீரை எது வைத்தாலும் தூக்கி எறிகிறது. கேழ்வரகு தரலாமா?
- வாசகி, பாலக்கோடு

தாராளமாகத் தரலாம். சூரியகாந்தியில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச்சத்தும் மிகக் குறைவு. சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் வலிப்பே வரும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. இரவு ஊறவைத்து, வடித்துத் துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் கொடுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். புதியதை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கும். காலையில் பசியோடு இருக்கும்போது முருங்கைக்கீரை, துருவிய கேரட், பூசணி, முளைகட்டிய கேழ்வரகு கலந்து அதன் மேல் நாலு விதை தூவி வையுங்கள். அதன் கண்ணெதிரே நீங்களும் ஒரு துண்டு கேரட் தின்னுங்கள், இது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட்டு, மாலையில் விதை. வாரத்துக்கு வாரம் விதையைக் குறைத்து, கிளிகளுக்கான பெல்லட்டை (சத்துகள் கலந்து செய்த உருண்டைத் தீனி) கூட்டினால் ஆறு வாரத்தில் மாறும். பிடிவாதக் கிளிக்கு இன்னும் சில மாதம் ஆகலாம்.

இந்த நாட்களில் கிராம் தராசு கட்டாயம். தினமும் காலையில் தீனிக்கு முன் நிறுத்து எழுதுங்கள். 450 கிராம் கிளி 405-க்கு இறங்கினால் பழைய தீனிக்குத் திரும்பி, பறவை பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். கிளி நோயை மறைக்கும். சிறகைச் சிலிர்த்துக் கூண்டின் அடியில் உட்காரும்போது நிலைமை முற்றியிருக்கும்.

தின்ற சுண்ணாம்புச்சத்து உடலில் சேர இளங்காலை வெயில் இருபது நிமிடம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை. கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும். அவகாடோ, சாக்லேட், காபி அறவே கூடாது. பூஞ்சை பிடித்திருக்கக்கூடிய நிலக்கடலையும் வேண்டாம்.

வாங்கும்போது பதிவு ஏதாவது செய்ய வேண்டுமா?
- வாசகர், ஓசூர்

ஆம். மேலே சொன்ன இரண்டு கிளி இனங்களும் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்றும் ரசீதும் இல்லையென்றால் வாங்காதீர்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வீட்டில் வளர்க்கவே கூடாது.