மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

பேஸ் கிட்டாரின் மேப்பிள் ஃபிரெட்போர்டு, அதாவது கழுத்தின் முகப்பில் விரலால் கம்பியை அழுத்தும் பலகை, பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடல் குழுவுக்கு மேப்பிள் பலகை வைத்த பேஸ் ஒன்று வாங்கினோம். முன்பிருந்த பேஸின் ரோஸ்வுட் பலகைக்கு அவ்வப்போது லெமன் ஆயில் போடுவோம். அதே பழக்கத்தில் இதற்கும் போட்டோம். இரண்டு வாரம் ஆகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. ஏன்? – வாசகர், குன்னூர்

பதில்: எண்ணெய் மரத்துக்குள் போகவே இல்லை. பூச்சின் மேல் படலமாக நிற்கிறது. அதில் தூசியும் ஒட்டத் தொடங்கியிருக்கும்.

ரோஸ்வுட் என்பது நம் கூடலூர்ப் பக்கக் காடுகளிலும் நிற்கும் ஈட்டி. அதன் துளைகள் பெரியவை. ஃபிரெட்போர்டாகச் செய்யும்போது பெரும்பாலும் பூச்சு எதுவும் அடிக்காமல் வெறும் மரமாகவே விடுவார்கள். காய்ந்து வெளிறினால் சில துளி எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். மேப்பிள் வெளிர் நிற மரம், துளைகள் மிகச் சிறியவை. வெறுமனே விட்டால் விரல் வியர்வையும் அழுக்கும் ஏறிச் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் தொழிற்சாலையிலேயே பூச்சு அடித்து மூடிவிடுகிறார்கள். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் மேப்பிள் கழுத்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக நைட்ரோ) என்ற பூச்சு அடித்தார்கள். இன்று வருபவற்றில் பெரும்பாலும் பாலியூரிதேன் அல்லது பாலியஸ்டர். இந்தப் பூச்சு முழுதாக இருக்கும்வரை எந்த எண்ணெய்க்கும் அங்கே வேலை இல்லை.

ஒட்டியதை எடுக்க: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, சொட்டு விழாதபடி இறுகப் பிழிந்து, ஒவ்வொரு ஃபிரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இடைவெளியாகத் துடையுங்கள். ஈரம் நிற்க விடாமல் உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அப்படியும் பிசுக்கு இருந்தால் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தா திரவத்தைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைக்கலாம். அது லாக்கரையும் பாலியூரிதேனையும் கரைக்காது. எச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றக்கூடியது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அறையில் ஹீட்டர், மெழுகுவர்த்தி, கரி அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. நாஃப்தா கிடைக்கவில்லை என்று பெட்ரோலுக்கோ மண்ணெண்ணெய்க்கோ போகாதீர்கள். மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். தின்னர், அசிட்டோன் இரண்டும் பூச்சையே இளக்கிவிடும்.

இனி வழக்கமான பராமரிப்பு இவ்வளவுதான்: வாசித்து முடித்ததும் கம்பிகளையும் அவற்றின் அடியில் பலகையையும் உலர்ந்த துணியால் துடைப்பது; கம்பி மாற்றும்போது ஒருமுறை பிழிந்த ஈரத்துணி.

கேள்வி: ஸ்டிக்கர் பசையை நீலகிரித் தைலம் தொட்டு எடுக்கிறோம். பலகை அழுக்கையும் அதைக்கொண்டு எடுக்கலாமா? தேங்காய் எண்ணெய் போட்டால் பளபளக்கும் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். – வாசகி, உதகை

பதில்: இரண்டும் வேண்டாம். தைலம் பசையைக் கரைப்பதற்குக் காரணம் அதில் மிகுதியாக உள்ள சினியோல் என்ற வேதிப்பொருள். அது நல்ல கரைப்பான். ஸ்டிக்கர் பசையை இளக்குவது லாக்கரையும் இளக்கக்கூடும், குறிப்பாகப் பழைய நைட்ரோ லாக்கரை. பலகையில் ஸ்டிக்கர் பசை இருந்தாலும் நாஃப்தாதான் பாதுகாப்பு.

தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் வகை அல்ல. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும். உதகையில் ஆண்டின் பெரும்பகுதி அது டப்பாவிலேயே கட்டியாகக் கிடப்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஃபிரெட் ஓரங்களிலும் அப்படியே வெள்ளையாக உறைந்து நின்று அழுக்கைப் பிடிக்கும்.

கேள்வி: பழைய பேஸ் ஒன்று கைக்கு வந்தது. 3-லிருந்து 9-வது ஃபிரெட் வரை கம்பிக்கு அடியில் பூச்சு தேய்ந்து கரும்சாம்பல் திட்டுகள். தச்சரிடம் கொடுத்துத் தேய்த்து மெலமைன் அடிக்கச் சொல்லலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: அவசரப்பட வேண்டாம். கதவுக்கும் கட்டிலுக்கும் மெலமைன் சரி. ஆனால் அதில் கலக்கும் தின்னர் பழைய லாக்கரைச் சுருக்கிவிடலாம். எமரித் தாள் போடும்போது ஃபிரெட்டின் முடியும் சேர்ந்து தேயும். அப்புறம் ஒவ்வொரு சுரத்திலும் கம்பி ‘ஜிர்ர்’ என்று அடிக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பூச்சுச் செலவைவிடப் பல மடங்கு.

முதலில் மரம் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திட்டின் மேல் குண்டூசித் தலையளவு தண்ணீர் வைத்து அரை நிமிடம் கவனியுங்கள். முத்தாக உருண்டு நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. கருமை வெறும் அழுக்குதான், நாஃப்தாவில் போய்விடும். நீர் பரவி அந்த இடம் இருண்டால் மரம் திறந்துவிட்டது. உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மரம் திறந்திருந்தால், நாரிடையே ஏறிய சாம்பல் நிறம் முழுதாகப் போகாது. போக்க முயன்றால் பலகையில் பள்ளம் விழும். நிறத்தை விட்டுவிட்டு, மேற்கொண்டு ஈரமும் வியர்வையும் ஏறாமல் அடைப்பதே நோக்கம். இதே திட்டுகளை விரும்பி அதிக விலை கொடுத்து வாங்குபவர்களும் உண்டு.

கம்பிகளைக் கழற்றி, பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பகுதி) மேல் டேப் ஒட்டி மூடுங்கள். நாஃப்தாவால் துடைத்துக் கால் மணி நேரம் ஆற விடுங்கள். தேய்ந்த இடத்தை மட்டும் 800 எண் எமரித் தாளால், நார் ஓடும் திசையில், அழுத்தாமல் நாலைந்து இழுப்பு. தூசியைத் துடைத்துவிட்டு ஃபிரெட்டுகள்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்பை முதலில் உங்கள் பேன்ட் துணியில் ஒருமுறை ஒட்டிப் பிய்த்து அதன் பிடிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் பழைய லாக்கரைச் செதில் செதிலாக உரித்துவிடும். பிறகு டங் ஆயில் (காய்ந்து இறுகும் வகை எண்ணெய்) அல்லது துணியால் பூசும் பாலியூரிதேன், இரண்டில் ஒன்று. பழைய வேட்டித் துணியில் இரண்டு மூன்று துளி எடுத்துத் திட்டின் மேல் தேயுங்கள். டங் ஆயில் என்றால் கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் மாதக்கணக்கில் ஒட்டும். இந்த வேலை கெடுவதில் பாதி அங்கேதான். பாலியூரிதேன் என்றால் மெல்லியதாகப் பூசி அப்படியே காய விடுங்கள்.

சமவெளியில் ஒரு பூச்சு காய ஒரு நாள் போதும் என்றால், கோத்தகிரிக் குளிரில் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். மழை நாளில் தொடங்கவே வேண்டாம். மூன்று பூச்சு போதும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடு ஏறித் தானே தீப்பற்றும் தன்மை அதற்கு உண்டு. வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

கேள்வி: அக்டோபர், நவம்பர் மழையில் பெட்டிக்குள் வைத்த பேஸில் வெண்பூஞ்சை பிடிக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. – வாசகர், கொடைக்கானல்

பதில்: பூஞ்சையின் இருப்பிடம் பெட்டியின் உள்துணி. அதைக் கவனிக்காமல் பலகையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் முடிவே இல்லை.

பேஸைத் திறந்த வராந்தாவுக்குக் கொண்டுபோய், முன்பு சொன்ன சோப்புத் துளி நீரில் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். உலர்ந்த தூரிகையால் தட்டினால் தூளெல்லாம் காற்றில் பறந்து வேறு இடத்தில் உட்காரும். வெயில் வரும் நாளில் பெட்டியை மட்டும் திறந்து வெயிலில் வையுங்கள், இரண்டு மூன்று நாள். பேஸை வெயிலில் வைக்காதீர்கள். மலை வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். லாக்கர் சீக்கிரம் மஞ்சளிக்கும்.

பிறகு பெட்டிக்குள் சுமார் 200 கிராம் சிலிகா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றையும் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது நல்லது. 65-ஐத் தாண்டி நின்றால் ஜெல்லை மாற்ற வேண்டும். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நச்சு. சமையல் சட்டியில் போட்டு வறுக்கவே கூடாது. ஈரமானி 45-க்குக் கீழே இறங்கினால் ஜெல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

சுவரோரம் வைக்கும் வழக்கம் இருந்தால் மாற்றுங்கள். கல் சுவர் வழியே ஊறும் ஈரம் பெட்டிக்குள்தான் வரும்.

கேள்வி: ஃபிரெட் ஓரத்தில் பச்சையாகப் படிகிறது. வீட்டில் பித்தளை விளக்கு தேய்க்கும் புளி, விபூதி போட்டுத் தேய்க்கலாமா? – வாசகி, கூடலூர்

பதில்: ஃபிரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். வியர்வை உப்பு செம்போடு சேர்ந்து அந்தப் பச்சை வருகிறது. கூடலூர் மழைக்காலத்தில் சீக்கிரமே வரும்.

புளி வேண்டாம். அமிலமும் நீரும் சேர்ந்து ஃபிரெட்டின் அடியில் இறங்கினால் அங்கே லாக்கர் பொங்கி வெளுக்கும். விபூதி ஒரே சீரான பொடி அல்ல; ஒரு சொரசொரப்பான துகள் போதும், பூச்சில் கீறல் விழும். பச்சையை மரப் பல்குத்தியால் மெல்லச் சுரண்டி, நாஃப்தா தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால், இருபுறமும் டேப் ஒட்டி, உலோக பாலிஷை மிளகளவு எடுத்து ஃபிரெட்டின் மேல் மட்டும் தேய்த்து, கறுப்பு வந்ததும் துடைத்து எடுங்கள். இரும்பு வுல் 0000 எண்ணாக இருந்தாலும் பளபளப்பான பூச்சை மங்கலாக்கும். அதன் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரவே வராது.

கேள்வி: ஜனவரி பனிக்காலத்தில் கழுத்தின் ஓரம் ஃபிரெட் நுனிகள் கையைக் கீறுகின்றன. கம்பியும் ஃபிரெட்டில் பட்டு அதிர்கிறது. மரம் கெட்டுவிட்டதா? – வாசகர், உதகை

பதில்: கெடவில்லை. உறைபனி நாட்களில் காற்று வறண்டுவிடுகிறது. அறைக்குள் ஹீட்டரும் ஓடினால் இன்னும் வறளும். மரம் அகலத்தில் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. அதனால் நுனி வெளியே நீட்டுகிறது. உடனே அரம் போட்டுவிடாதீர்கள். ஹீட்டரிலிருந்து தள்ளி, மூடிய பெட்டியில் 45 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே போய்விடும்.

அதிர்வுக்கு, முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்துக் கடைசி ஃபிரெட்டில் அதே கம்பியை அழுத்தி, 8-வது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் டிரஸ் ராடைக் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கடிகார எதிர்த்திசையில் கால் சுற்று மட்டும் தளர்த்தி, ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். திருகு அசைய மறுத்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

குளிர்ந்த காரிலிருந்து கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது மூடியே இருக்கட்டும். திடீர்ச் சூட்டில் நைட்ரோ லாக்கர் மயிரிழையாக வெடிக்கும். பூச்சின் மேல் பனிநீரும் படியும்.

கேள்வி: நான்கு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து வளையுமா? என் பேஸில் பளபளப்பில்லாத மங்கல் பூச்சு; கட்டைவிரல் படும் பின்புறம் மட்டும் மின்னுகிறது, அதை என்ன செய்வது? – வாசகர், பெருமாள்மலை

பதில்: சுத்தம் செய்யும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. நான்கையும் சிறிது சிறிதாக, மாறி மாறித் தளர்த்துங்கள். வாரக்கணக்கில் கம்பியில்லாமல் விடுவதுதான் தவறு.

மின்னுவது அழுக்கல்ல. மங்கல் பூச்சின் நுண்ணிய மேடுபள்ளம் விரல் உராய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. கை ஒட்டுவதுபோல் தொந்தரவு இருந்தால் மட்டும், மிக மென்மையான வெள்ளை நிறத் தேய்ப்புப் பட்டையால் நீளவாக்கில் லேசாகத் தேயுங்கள். சமையலறைப் பச்சைப் பட்டை மிகவும் முரடு. பலகையின் முகப்பில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே பூச்சு மெல்லியது.

கேள்வி: பள்ளி இசைக் குழுவில் ஒரே பேஸைப் பல மாணவர்கள் வாசிக்கிறார்கள். ஒவ்வொருவர் வாசித்ததும் சானிடைசரால் துடைக்கலாமா? – இசை ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: சானிடைசரில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆல்கஹால். நைட்ரோ லாக்கரை இளக்கும். பாலியூரிதேனிலும் அதன் ஜெல் படலம் ஒட்டி நிற்கும். சுத்தம் கையில் இருக்கட்டும். வாசிக்குமுன் மாணவர்கள் சோப்பால் கைகழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வரட்டும். கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையோடு தொட விடாதீர்கள். அதில் டீட் (DEET) என்ற கொசு விரட்டி வேதிப்பொருள் இருந்தால் லாக்கரையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துக் கைரேகை பதித்துவிடும். பெட்டியில் இரண்டு துணி வையுங்கள், ஒன்று கம்பிக்கு, ஒன்று பலகைக்கு. ஸ்டாண்டின் ரப்பர் கழுத்தைத் தொடும் இடத்தில் பருத்தித் துணி சுற்றுங்கள். நைட்ரோ பூச்சில் ரப்பர் நாளடைவில் தழும்பு போடும்.