ஃபேக்டரியில் வழுக்கி விழுந்தவருக்கு நஷ்டஈடு உண்டா?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை மூட்டை இறக்கும் இடத்தில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது, "பார்த்து நடக்காதது உங்க தப்பு" என்று நிர்வாகம் கைவிரிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நஷ்டஈடு கேட்கலாம். குன்னூர் பக்கம் வேலையாட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். இந்த "உங்க தப்பு" என்ற பேச்சைக் கேட்டே பலர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி ஈடு தரவேண்டும். அவர் மேல் தப்பு இருக்கிறது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. 1923 தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. குடித்துவிட்டு வேலை பார்த்தவர், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியவர் என்றால் மறுக்கலாம். கால் வழுக்கியது அதில் சேராது. ஐப்பசி மழையில் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி, மிதிபட்ட இலைச்சாறும் ஓரத்துப் பாசியும் சேர்ந்த சிமெண்ட் தரையில் ரப்பர் செருப்போடு யார் நடந்தாலும் விழத்தான் செய்வார்கள்.

காண்ட்ராக்டர் ஆள் என்றாலும் ஃபேக்டரிக்காரரிடமே கேட்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரிச் சீட்டு. கூட வரும் மேஸ்திரி "வீட்டு வாசல்ல விழுந்தேன்னு சொல்லிடுங்க அக்கா, செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்பார். அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் வழக்கே அந்த ஒரு வரியில் ஆட்டம் காணும். உடனே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். அப்புறம், ஃபேக்டரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள் பெயரை எழுதி நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தரையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடுவார்கள்.

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? பிடித்தால் முதலாளியிடம் இந்த ஈட்டைக் கேட்க முடியாது, இஎஸ்ஐதான் தரும். அதில் குறை ஒன்றும் இல்லை, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். இஎஸ்ஐ இல்லை என்றால், மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒருமுறை முதலாளி தரவேண்டும். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒவ்வொரு முறையும் 3,000. மருத்துவச் செலவு தனி. கட்டுப் பிரித்த பிறகும் கொழுந்து பறிக்கவோ மூட்டை தூக்கவோ கை வரவில்லை என்றால், உழைக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்று டாக்டரிடம் சான்று வாங்குங்கள். நிரந்தர ஊனத்துக்கான ஈடு அதை வைத்துத்தான் கணக்காகும்.

நிர்வாகம் தர மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். விபத்து நடந்த 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதுவரை ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் வைத்து எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் அம்மா போட வேண்டாம்.