வேனை அனுப்பியது யார்?

அன்புள்ள சேர்,

எனக்கு நான்கு வயதில் அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வந்தது. 2004 டிசம்பர் விடுமுறையில் மட்டக்களப்புக் கடற்கரையான நாவலடியிலுள்ள உறவினர் வீட்டில் தங்கப் போகவிருந்த எங்கள் குடும்பம், என்னால் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வந்தாறுமூலையிலேயே நின்றுவிட்டது. அந்த ஞாயிறு காலையில்தான் கடல் வந்தது. "கண்ணகை அம்மன் உன் உடம்பில் இறங்கி எங்களைக் காத்தாள்" என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். இப்போது கடிகாரத்தைப் பார்த்தால் 11:11 காட்டுகிறது. நினைத்த ஆள் உடனே தொலைபேசியில் அழைக்கிறார். உளவியலாளர் யுங் இவற்றுக்குப் பொருள் உண்டு என்றாராம். உண்டா, அல்லது எல்லாம் மனம் கட்டும் கதையா?

வாசகி, வந்தாறுமூலை

அன்பு மகளுக்கு,

பல வருடங்களாக என் நெஞ்சில் கிடக்கும் ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது.

யுங்கை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஒரு பெண் கனவில் கண்ட பொன்னிற வண்டைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சன்னலில் ஒரு வண்டு வந்து மோதியது. பிடித்து அவளிடமே கொடுத்தார். காரணத் தொடர்பில்லாத நிகழ்வுகளும் பொருளால் இணையலாம் என்று 1952இல் விரிவாக எழுதினார். அழகான சம்பவம்தான். ஆனால் வண்டு வராமல் போன கனவுகளைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை.

அவரைவிட, சங்க நூலான முல்லைப்பாட்டின் கிழவிகளை நான் மதிக்கிறேன். போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, ஊர்ப்புறத்தில் நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்டு, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லைக் குறியாகக் கொள்ள, நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாயர் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள் ஓர் இடைச்சிறுமி. அதையே நற்சொல்லாகக் கொள்கிறார்கள். கேள்வியை வைத்த பிறகுதான் அவர்கள் காதைத் திறந்தார்கள். நாமோ நடந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் கேள்வியைத் தேடிப் போகிறோம்.

23 பேர் உள்ள வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம். உங்கள் பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டால், அதே வாய்ப்புக்கு வேறு 253 பேர் வேண்டும். நான் கணிதம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். கரும்பலகையில் பெருக்கிக் காட்டினால்தான் அடங்குவார்கள். உங்களுக்கு அந்த அம்மாள் வருத்தத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை காய்ச்சல் வந்து போயிருக்கும்? ஒன்றுக்காவது வீட்டில் யாராவது பொருள் கேட்டார்களா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மேல்.

அலைக்குப் பிறகு, நகரில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க நாங்கள் சிலர் போயிருந்தோம். இரவானால் தப்பிய கதைகள்தான். ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். ஒருவர் பூரணைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். இன்னொருவர் தொலைந்த மாட்டைத் தேடி வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்குப் போயிருந்தார். எல்லோருக்கும் கடவுள் ஏதோ ஒன்றை அனுப்பியிருந்தார். ஒரு பெண் மட்டும் பேசாமல் இருந்தாள். அவளுடைய தங்கை, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் சித்தாண்டிக்காரி. வரவில்லை என்று முதலில் சொன்னவள், தெரிந்தவரின் வேனில் கடைசி நேரத்தில் இடம் கிடைத்ததும், சனிக்கிழமை மாலை பிள்ளையோடு நாவலடிக்கு வந்துவிட்டாள். "அந்த வேனை அனுப்பியது யார்?" என்று அந்தப் பெண் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். ஒருவரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பஸ்ஸைத் தவறவிட்டதால் கரையிலேயே நின்று போனவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? காய்ச்சலால் நாவலடி வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகள்? அந்தக் கதைகளைச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை. மிஞ்சியவர்களின் கதைகளை மட்டும் கேட்டால் எல்லாத் தடங்கலும் தெய்வச் செயலாகத்தான் தெரியும். "அம்மன் எங்களைக் காத்தாள்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, "உன்னைக் காக்கவில்லை" என்றுதான் அது கேட்கும். தெய்வத்தின் பெயரால் இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்ல உங்கள் வீட்டாருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

உங்களுக்கும் இது அநியாயம், மகள். நான்கு வயதுப் பிள்ளை உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, வேப்பிலைப் படுக்கையில் அழுதுகொண்டு கிடந்தது. ஒரு குடும்பத்தின் உயிர்க்கடனை அதன் தோளில் ஏற்றி இருபது வருடத்துக்கு மேலாகச் சுமக்க வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் அடையாளம் தேடும் பழக்கம் உங்களுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இறக்கி வையுங்கள்.

நேர்த்தியை விடச் சொல்லவில்லை. கண்ணகை அம்மன் கோயிலில் நடக்கும் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு நானும் போகிறவன். தப்பிய உயிர் நன்றி சொல்லத்தான் செய்யும். ஆனால் வீட்டில் அந்தக் கதை தொடங்கும்போது, இழந்தவர் யாராவது அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சொல்பவர் மூத்தவர் என்று தயங்க வேண்டாம்.

11:11 பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்க்கும் நேரத்தையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், 10:47ஐயும் 3:26ஐயும் விடாமல். அதன் பிறகும் அந்தக் கேள்வி மிச்சமிருந்தால் எனக்கு எழுதுங்கள்.